தலைக்கட்டும் மடியும்

1

2019-இல் மூன்று மாத இடைவெளிக்குள் மூன்று குடும்பங்கள் தமிழ்நாட்டின் முன்னால் வந்து நின்றன. பிப்ரவரி 1 அன்று ராமின் ‘பேரன்பு’ வெளியானது. மூளை முடக்குவாதம் உள்ள மகளோடு ஊரெல்லாம் அலைந்து தோற்ற அமுதவன், கடைசியில் மீரா என்ற திருநங்கையோடு ஒரு வீட்டை அமைத்துக்கொள்கிறான். மார்ச் 29 அன்று தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’. வீட்டைவிட்டுப் போன அப்பா பல வருடங்கள் கழித்து ஷில்பாவாகத் திரும்பி வருகிறார். மகன் ராசுக்குட்டி ஒரு நொடிகூட யோசிக்காமல் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். ஏப்ரல் 22 அன்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு சொன்னார். இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்றார்.

ரெண்டு சினிமா, ஒரு தீர்ப்பு. மூன்றும் கேட்டது ஒரே கேள்விதான்: குடும்பம் என்று எதை எண்ணுவது? இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு காலியிடமும் தெரிகிறது. இரண்டு பெண்கள், அல்லது இரண்டு ஆண்கள், அவர்களோடு ஒரு குழந்தை. இந்தப் படம் எதிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் காலியிடத்தைப் பற்றியது. நம்முடைய கதைகள் அந்த வீட்டு வாசல்வரை போய் ஏன் திரும்பிவிடுகின்றன, சட்டம் ஏன் அதே வாசலில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது.

2

எண்ணூர்ப் பக்கம், நெட்டுக்குப்பத்தில் வளர்ந்தவர்களுக்குக் குடும்பத்தை எண்ணுவது என்றால் முதலில் நினைவுக்கு வரும் சொல் ‘தலைக்கட்டு’. தெரியாதவர்களுக்காக: சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் விழும். ஊர்ப் பணத்தில் பங்கு, ஊர்க்கூட்டத்தில் பேச்சு எல்லாம் அந்தக் கணக்கில்தான். ஊருக்கு ஊர் விவரம் மாறும், அடிப்படை மாறாது. கல்யாணம் பண்ணினால்தான் நீ ஒரு எண். பண்ணாதவரைக்கும் நைனாவோட எண்ணுக்குள்ளே இருக்கிற பையன்தான், உனக்கு நாற்பது வயசு ஆனாலும்.

இது சும்மா பழைய வழக்கம் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பொருள் பல ஊர்களில் பஞ்சாயத்துப் பட்டியல்படி பிரிக்கப்பட்டபோது, ஆண் துணை இல்லாத பெண்களும் கைம்பெண்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் கையிலிருந்த அளவுகோலில் அந்தப் பெண்களை அளக்க வழியில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதே குப்பத்துக்குள் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குக் கூடையோடு கிளம்புகிற பெண் தன் பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டுப் போவாள். எழுந்ததும் அதுக்கு டீயும் பன்னும் கொடுப்பது இன்னொருத்தி. பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி விடுவது ஆயா. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளில் அக்காவும் தங்கையுமாக, சில சமயம் ரத்த சம்பந்தமே இல்லாத இரண்டு பெண்களாகச் சேர்ந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. “பாவம், ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து புள்ளைங்கள கரை சேர்த்துட்டாளுங்க” என்று பெருமையாகக்கூடச் சொல்வார்கள்.

இதை நான் மடிக் கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளை யார் மடியில் தூங்குகிறதோ அவர்கள் அந்தப் பிள்ளைக்கு உரியவர்கள் என்கிற கணக்கு. நம் சடங்குகளும் இதற்குச் சாட்சி சொல்லும். காது குத்தும்போது குழந்தையை உட்கார வைப்பது தாய்மாமன் மடியில். அந்த மாமனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாளா என்று ஆசாரி கேட்பதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டமும்கூட ஹோமத்தைக் கட்டாயம் ஆக்கவில்லை. குழந்தையை ஒரு கை நிஜமாகவே கொடுக்க வேண்டும், இன்னொரு கை நிஜமாகவே வாங்க வேண்டும் என்பதைத்தான் கட்டாயமாக்கியது.

குப்பத்தை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. சேர்ந்து பிள்ளை வளர்க்கும் அந்த இரண்டு பெண்கள், “நாங்க ஜோடி” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாள் திண்ணை காலியாகிவிடும். 2008 மே மாதம், இங்கிருந்து தொலைவில்லாத சாத்தாங்காட்டில், திருமணமான நடுவயதுப் பெண்கள் இருவர் ஒன்றாக உயிரை விட்டார்கள். அவர்களுடைய நெருக்கத்தை வீட்டார் ஏற்கவில்லை என்பதுதான் செய்தி. 377 உயிரோடு இருந்த காலம் அது. மடிக் கணக்கு எவ்வளவு தாராளமானது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தியும் கூடவே ஞாபகம் வரும். பெயர் சொல்லாதவரைதான் அந்தத் தாராளம்.

3

இப்போது படங்களுக்கு வருவோம்.

‘பேரன்பு’ எனக்குப் பிடித்த படம். ஆனால் மீரா அந்தக் கதையில் ஒரு விடையாகத்தான் வருகிறாள். சாகப் போனவர்களை அவள் காப்பாற்றுகிறாள், அமுதவன் அவளை மணக்கிறான், படம் முடிகிறது. பாப்பாவுக்கு மீரா சோறு ஊட்டிய முதல் மாதம் எப்படி இருந்தது? மாதவிலக்கு நாட்களில் அப்பாவால் தர முடியாத உதவியை அவள் தந்தாளா, பாப்பா விட்டாளா? ஒருத்தி அம்மா ஆகிற வேலை ஆரம்பிக்கிற இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. திருநங்கை பாத்திரத்தில் ஒரு திருநங்கையே (அஞ்சலி அமீர்) நடித்தார், ஒரு பெரிய நட்சத்திரத்துக்கு இணையாக நடித்தார் என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால் அவருக்குக் கிடைத்தது தாயின் இடம் மட்டும். தாயின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை கிடைக்கவில்லை.

‘சூப்பர் டீலக்ஸ்’ அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டியது. ஷில்பா மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறாள். சிரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள். காவல் நிலையத்தில் நடப்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். இவ்வளவுக்கும் நடுவே ராசுக்குட்டிக்கு ஒரே ஒரு கவலைதான்: அப்பா மறுபடியும் போயிடுவாரா? தமிழில் பால்புதுமையினர் பெற்றோர் ஆவதைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அந்தப் பையன்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் எல்லாரும் ‘இவர் என்ன?’ என்று கேட்கிறார்கள். பையன் ‘இவர் இருப்பாரா?’ என்று கேட்கிறான்.

ஆனால் அதே படம் ஷில்பாவின் கடந்த காலத்தில் குழந்தைக் கடத்தலை வைத்தது. திருநங்கைகள் பலர் இதை அப்போதே கண்டித்தார்கள். கதைக்குள் அதற்குக் காரணம் கற்பிக்கலாம், குற்றவுணர்வு, மீட்சி என்றெல்லாம். ஆனால் ‘அவங்க புள்ளை புடிக்கிறவங்க’ என்ற பயத்தைச் சொல்லித்தான் நம் தெருக்களில் திருநங்கைகளை அடித்திருக்கிறார்கள். ஒரு கையால் மடியில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் அந்தப் பழைய பயத்தையும் படம் கொடுத்துவிட்டது. நிஜத்தில் இதே சென்னையில், எச்ஐவியோடு வாழ்ந்த திருநங்கை நூரி, எச்ஐவி உள்ள குழந்தைகளைச் சேர்த்து வளர்க்க ஓர் இல்லமே நடத்தினார். மற்றவர்கள் தொடத் தயங்கிய குழந்தைகள். அந்தக் கதை நம் திரைக்கு வரவில்லை.

2025 பிப்ரவரியில் வந்த ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடமை’ முதன்முறையாக இரண்டு பெண்களின் காதலைத் தமிழ் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசியது. மகள் தன் காதலியைக் கூட்டி வருகிறாள். முற்போக்கு பேசும் அம்மாவால் தன் வீட்டுக்குள் அதைத் தாங்க முடியவில்லை. ரோகிணியின் அம்மா பாத்திரம் நேர்மையானது. ஆனால் அந்தப் படமும் பெற்றோர் ஏற்பார்களா என்ற கேள்வியோடு நின்றுகொள்கிறது. அந்தப் பெண்கள் என்றென்றைக்கும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான். அவர்களே பெற்றோர் ஆகலாம் என்பது அந்த நடுக்கூடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம் கற்பனை எந்த இடம்வரை வந்திருக்கிறது என்று அளக்கச் சொல்கிறேன்.

4

பக்கத்து மொழிகளில் இரண்டு படங்கள் இன்னும் கொஞ்சம் தூரம் போயின.

மலையாளத்தில் ஜியோ பேபியின் ‘காதல் தி கோர்’. மம்மூட்டியின் மேத்யூ, ஜோதிகாவின் ஓமனா, இருபது ஆண்டுத் திருமணம், விவாகரத்து வழக்கு என்று எல்லாரும் அதைப் பேசினார்கள். நான் கவனிக்கச் சொல்வது தங்கன் என்ற அமைதியான மனிதரை. ஓட்டுநர் பயிற்சி சொல்லித்தருகிற அவர் ஒரு பையனை வளர்க்கிறார். பையனுக்கு அவர் மாமா முறை. ஊரில் வம்பு பேசுகிறபோது அதன் பாரம் அந்தப் பையன் மேலும் விழுகிறது. ஆனால் அதுவரைக்கும், கல்யாணம் ஆகாத ஓர் ஆண் ஒரு பையனைத் தனியாக வளர்ப்பதை அந்த ஊர் கேள்வி கேட்டதாகப் படத்தில் இல்லை. மாமன் என்ற உறவுச் சொல் அவருக்கு ஒரு குடை. படத்தின் நிஜமான தன்பாலீர்ப்புப் பெற்றோர் மேத்யூ அல்ல, தங்கன்தான். விமர்சகர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டைப் பற்றி எழுதினார்கள். சின்ன வீட்டில்தான் புது விஷயம் இருந்தது.

இந்தியில் ஹர்ஷவர்தன் குல்கர்னியின் ‘பதாயி தோ’, 2022. ஷார்துல் போலீஸ்காரன், தன்பாலீர்ப்பாளன். சுமி விளையாட்டு ஆசிரியை, அவளும் அப்படியே. இரண்டு வீட்டுத் தொல்லையையும் சமாளிக்க இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சுமியின் காதலி ரிம்ஜிம் அதே வீட்டில் வாழ்கிறாள். சுமிக்குக் குழந்தை வேண்டும். தத்தெடுக்கிறார்கள். கடைசிக் காட்சியில் பூஜைக்கு உட்காரும்போது ரிம்ஜிமும் ஷார்துலின் காதலனும் அந்த வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள்.

இதை நகைச்சுவைப் படம் என்று ரசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால் அந்தத் திரைக்கதையில் ஒரு துல்லியமான சட்ட விமர்சனம் இருக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022-இன் விதி 5(3) என்ன சொல்கிறது? ஒரு தம்பதிக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க வேண்டுமானால் அவர்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும். இதில் ஷார்துலும் சுமியும் பாஸ். ஒருவரையொருவர் தொடாத, வீட்டாரிடம் தினமும் பொய் சொல்கிற அந்தக் கல்யாணம் தகுதியுள்ளது. உண்மையில் ஒரே படுக்கையைப் பகிர்ந்து, ஒரே சமையலறையில் சண்டை போட்டு, குழந்தைக்காக ராத்திரி விழிக்கப்போகிற சுமியும் ரிம்ஜிமும் ஃபெயில். விதி நிலைத்தன்மையைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு சான்றிதழைச் சோதிக்கிறது. எங்கள் துறையில் இப்படி ஒரு வேலிடேஷன் எழுதினால் முதல் வாரமே பக் ரிப்போர்ட் வந்துவிடும்.

5

இந்த விதிதான் உச்ச நீதிமன்றத்தின் முன் போனது. ‘சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம்’, தீர்ப்பு 2023 அக்டோபர் 17. தன்பாலினத் திருமணத்துக்கு அரசியல் சாசன உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. தத்தெடுப்பில் பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் விதி 5(3) செல்லாது என்றார்கள். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா ஆகிய மூவரும் செல்லும் என்றார்கள். மூன்றுக்கு இரண்டு. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

இலக்கிய வாசகர்கள் இந்தத் தீர்ப்பை வாசிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. சண்டை கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை எப்படி வாசிப்பது என்பதில் வந்து நிற்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 57(2): தம்பதி என்றால், வாழ்க்கைத்துணைவர் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு சொற்கள், ‘தம்பதி’, ‘வாழ்க்கைத்துணைவர்’. சட்டம் கல்யாணத்தைத் தனியாக ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை, ஒழுங்குமுறை தன் தாய்ச்சட்டத்தை மீறிப் போய்விட்டது என்பது சந்திரசூட்டின் வாசிப்பு. மணமான எதிர்பாலினத் தம்பதிகள் மட்டுமே குழந்தைக்கு நிலைத்த வாழ்வைத் தர முடியும் என்பதற்கு அரசு எந்த ஆதாரமும் வைக்கவில்லை என்றும் சொன்னார். பட்டின் வாசிப்பில், ‘வாழ்க்கைத்துணைவர்’ என்ற சொல்லே திருமணத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

பட் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் விமர்சனம் நேர்மையாக இருக்காது. பிரிவு நேர்ந்தால் ஜீவனாம்சம், பராமரிப்பு, குழந்தை யாரிடம் என்பதெல்லாம் நம் சட்டங்களில் கல்யாணத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. கல்யாணம் இல்லாத ஜோடி பிரிந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு யார் தருவது என்று கேட்டார். மணமாகாதவர்கள் நல்ல பெற்றோராக இருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே இப்படி வாழும் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சலுகைகள் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் அந்த நியாயம் அடுத்த அடியிலேயே தடுக்கி விழுகிறது. இதே சட்டம் தனிநபர் தத்தெடுப்பை அனுமதிக்கிறது. தனியாக இருக்கும் பெண் எந்தக் குழந்தையையும், தனியாக இருக்கும் ஆண், ஆண் குழந்தையை மட்டும் தத்தெடுக்கலாம். ஆக, ஒரு தன்பாலீர்ப்புப் பெண்ணுக்கு வழி அடைபடவில்லை. துணை இல்லை என்று சொன்னால் போதும். 2022 ஜூனில் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காரா ஒரு குறிப்பாணையும் விட்டது. நெடுநாள் துணையோடு சேர்ந்து வாழும் தனிநபர்கள் தகுதியற்றவர்கள் என்றது. அப்போ என்ன ஆகும்? துணை இருப்பதை மறைப்பார்கள். குழந்தை அதே வீட்டுக்குத்தான் வரும், அதே இரண்டு பேர்தான் வளர்ப்பார்கள். சட்டத்தின் கண்ணில் ஒருத்தர்தான் இருப்பார். குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்ட விதி, அந்தப் பாதுகாப்பில் சரிபாதியைக் கழித்துக்கொண்டது.

இது வெறும் தர்க்கம் இல்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் தனிநபராகப் பதிவு செய்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சமூகப் பணியாளர் வீட்டைப் பார்க்க வந்த நாளில் அவருடைய துணை ஊருக்குப் போய்விட்டார், தன் செருப்பையும் டூத் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு. தத்தெடுத்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர் கண்காணிப்பு உண்டு. நான்கு முறையும் அதே செருப்பு, அதே பயணம். இப்போது குழந்தைக்கு நான்கு வயது. வீட்டில் இருவரும் அம்மா. வெளியே ஒருவர் அம்மா, ஒருவர் சித்தி. குழந்தை தப்பு செய்ததே இல்லையாம். “அவளுக்கு எப்படித் தெரியுதுன்னே தெரியல, வாசப்படி தாண்டினா மாத்திடறா” என்றார். நான்கு வயதில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட முதல் இலக்கணம் அது. அதன் நலனுக்காகத்தான் விதி 5(3) இருக்கிறது என்கிறார்கள்.

அந்தத் தாய் நாளைக்கு இல்லாமல் போனால்? ‘சித்தி’க்குக் குழந்தை மேல் எந்த உரிமையும் தானாக வராது. உயில் எழுதலாம், காகிதங்கள் அடுக்கலாம், கோர்ட்டுக்கு ஓடலாம். குழந்தையை ஒருமுறைகூடத் தூக்காத சொந்தக்காரர்கள் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள்.

விதி 5(3) ஒரு விலக்கு தருகிறது. உறவினர் தத்தெடுப்புக்கும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை தத்தெடுப்புக்கும் இரண்டு ஆண்டுக் கணக்கு கிடையாது. சட்டத்துக்குள்ளேயே மடிக் கணக்கின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தங்கனுக்குக் கிடைத்த அதே குடை. நாமாகத் தேர்ந்தெடுத்த உறவுக்கு மட்டும் அது விரியாது.

6

குப்பத்தில் இதைப் பேசினால் முதலில் வரும் கேள்வி, “சரிப்பா, ஆனா அந்தப் புள்ளைய ஸ்கூல்ல இன்னா சொல்வாங்க?” அசட்டுக் கேள்வி இல்லை. கேலி நிஜம். ஆனால் ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. அமெரிக்காவில் நனெட் கார்ட்ரெல் 1986-இல் தொடங்கிய ஆய்வு, லெஸ்பியன் தாய்களின் பிள்ளைகளைக் கருவிலிருந்து பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2002-இலும் 2013-இலும் இந்தப் பெற்றோரை ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. பிள்ளையின் நலனைத் தீர்மானிப்பது வீட்டு உறவின் தரமும் வெளி ஆதரவும்தான், பெற்றோரின் பாலீர்ப்பு அல்ல என்பதே சாரம். கேலிக்குப் பயந்து குழந்தையை இல்லத்தில் வைத்திருப்பது, கேலி செய்கிறவனுக்குத் தீர்ப்பெழுதும் அதிகாரத்தைக் கொடுப்பது போல.

‘குழந்தையின் நலன்’ என்ற சொற்றொடரை எண்ணூரில் உட்கார்ந்து வாசிக்கும்போது இன்னொன்றும் உறைக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வலையையும் படகையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் மூச்சில் எத்தனை வருடமாக இருக்கிறது! இவர்களின் நலனை யாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பதில்லை. ஒரு குழாய்க்கு இரண்டு ஆண்டு நிலைத்தன்மைச் சான்றிதழ் கேட்ட விதி எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளைகள் மேல் இத்தனை அக்கறையுள்ள அரசு, இரண்டு பெண்கள் ஒரு தொட்டிலை ஆட்டும் இடத்தில் மட்டும் இவ்வளவு கண்டிப்பாக ஆவதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

எண்ணும் முறையை மாற்ற முடியாது என்பதும் உண்மை இல்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத்தொகையைத் தொடங்கியபோது, திருமணமாகாத தனித்த பெண்களும் கைம்பெண்களும் திருநங்கைகளும் தலைமை தாங்கும் குடும்பங்களில் அவர்களே குடும்பத் தலைவிகள் என்று வழிகாட்டு நெறியில் எழுதியது. தலைக்கட்டு எண்ணாமல் விட்டவர்களை ஒரு பத்தியில் எண்ணிவிட்டார்கள். சுப்ரியோ தீர்ப்புக்குப் பிறகு, 2024-இல் ஒன்றிய அரசு பால்புதுமையின இணையர்களை ரேஷன் அட்டைக்கு ஒரே வீட்டாராகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கூட்டு வங்கிக் கணக்குக்கும் தடையில்லை என்றது. சரி, நல்லது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இரண்டு பெண்கள் ஒரே அட்டையில் அரிசி வாங்கலாம், ஒரே கணக்கில் பணம் போடலாம், அந்த அரிசியைச் சாப்பிட்டு அந்தப் பணத்தில் படிக்கிற பிள்ளை மட்டும் ஒருத்தியுடையது.

சென்னை உயர்நீதிமன்றம் தன் பங்குக்குச் சில அடிகள் வைத்திருக்கிறது. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2023 நவம்பரில் ‘குடும்ப உறவு ஒப்பந்தம்’ ஒன்றைப் பதிவு செய்யும் முறையை அரசு பரிசீலிக்கலாம் என்றார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து ஏற்கப்பட்ட ஒன்று என்றார்கள். மணமகள் தீர்ப்பை எழுதிய அதே சுவாமிநாதன்தான். ஆறு ஆண்டுகளில் அவருடைய வாசிப்பு கல்யாணத்துக்குள் ஓர் இடம் கேட்பதிலிருந்து, கல்யாணத்துக்கு வெளியேயும் வீடு உண்டு என்பதுவரை நடந்திருக்கிறது.

கல்யாணம் முதலில் வந்தால்தான் பிள்ளை என்பதும் உலக நியதி இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண் நீதிபதியும் அவருடைய துணைவியும் இரண்டு குழந்தைகளைச் சேர்ந்து வளர்த்தார்கள். தத்து ஆவணத்தில் ஒருவர் பெயர் மட்டும். அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2002-இல் இருவரும் பெற்றோர் என்றது. தன்பாலினத் திருமணம் அங்கே 2006-இல்தான் வந்தது. தைவானில் தலைகீழ்: 2019-இல் திருமணம், முழுமையான கூட்டுத் தத்தெடுப்பு 2023-இல். எந்தக் கதவு முதலில் திறக்க வேண்டும் என்பதை அந்தந்த நாடு முடிவு செய்துகொண்டது.

7

சட்டம் மாற நாளாகும். எழுதுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை எழுதுவது?

விளம்பரம் எழுதிவிட்டது. 2017-இல் கௌரி சாவந்த் என்ற திருநங்கைத் தாயையும் அவர் வளர்த்த மகளையும் பற்றிய விக்ஸ் விளம்பரம் நாட்டையே அழவைத்தது. அழுதோம், பகிர்ந்தோம், மறந்தோம். தியாகம் செய்யும் தாயை நமக்கு உடனே பிடித்துவிடும், அவள் யாராக இருந்தாலும். அதுதான் சிக்கல். பால்புதுமையினர் தாய் ஆவதற்கு நாம் கேட்கும் விலை புனிதம். அனாதையை எடுத்திருக்க வேண்டும், நோயாளியைக் காப்பாற்றியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் சாகப் போனவர்களைக் கரையேற்றியிருக்க வேண்டும். சாதாரணமாகப் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிற, ஹோம்வொர்க்குக்குக் கத்துகிற, யார் பால் வாங்கப் போவது என்று சண்டை போடுகிற இரண்டு பெண்களுக்கு நம் புனைவில் இடமில்லை. எதிர்பாலினப் பெற்றோர் யாரும் இப்படி ஒரு தேர்வெழுதி அம்மா அப்பா ஆனதில்லை.

தமிழில் இதற்கான மொழி இல்லாமலும் இல்லை. ரேவதியின் ‘வெள்ளை மொழி’யை வாசித்தவர்களுக்குத் தெரியும், திருநங்கைகள் தங்களுக்குள் குரு, சேலா, நானி என்றும் அம்மா, மகள் என்றும் ஒரு முழு உறவுமுறையை வைத்திருக்கிறார்கள். வீடு துரத்தியவர்களுக்கு வீடு கட்டிய முறை அது. அதிகாரமும் சுரண்டலும் அதற்குள்ளும் உண்டு, எல்லாக் குடும்பத்தையும் போல. சொல்ல வருவது இதுதான்: பெறாமல் பிள்ளை ஆக்கிக்கொள்வது நமக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதி ஆகவில்லை.

எனவே நான் எதிர்பார்க்கும் கதை பெரிய கதை இல்லை. எண்ணூரில் நடக்கட்டும், பொன்னேரியில் நடக்கட்டும். ஆற்றாமையோ தற்கொலையோ வேண்டாம், சாத்தாங்காட்டை நாம் ஏற்கெனவே செய்தித்தாளில் வாசித்துவிட்டோம். இரண்டு பெண்கள் பள்ளிக்கூட அட்மிஷன் கவுன்டரில் நிற்கிறார்கள். படிவத்தில் தாய், தந்தை என்று இரண்டு கோடுகள். கிளார்க் நிமிர்ந்து பார்க்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. குழந்தை வாசப்படியைத் தாண்டி வந்துவிட்டது. இப்போது அது யாரை என்ன சொல்லிக் கூப்பிடப்போகிறது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷத்தை நேர்மையாக எழுதத் தெரிந்த கதாசிரியர் விதி 5(3)-ஐப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.